நம் கதைக்கு நாமே சாட்சி

(பிரிக்ஃபீல்ட்ஸில் எழுத்தாளர்கள், திரைத்துறையினர், ஊடகப் பணியாளர்கள் கலந்துகொண்ட சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் எழுத்தை நம்பிப் பிழைப்பவர்கள். தொலைக்காட்சி நாடகத்துக்கு வசனம் எழுதுகிறீர்கள். வானொலிக்கு நிகழ்ச்சி தயாரிக்கிறீர்கள். விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதுகிறீர்கள். மொழிபெயர்க்கிறீர்கள், கேலிச்சித்திரம் வரைகிறீர்கள், குறும்படம் எடுக்கிறீர்கள். ஆனால் இந்த உழைப்பில் பெரும்பகுதி மற்றவர் கேட்டதை, மற்றவர் பெயரில், மற்றவர் விருப்பப்படி எழுதிக் கொடுப்பது. உங்கள் சொந்தக் கதையை எப்போது எழுதப் போகிறீர்கள்? இதைக் கேட்கத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இலக்கியவாதி அல்லன், வழக்கறிஞன். இலக்கிய நயம் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. சாட்சியம் பற்றிப் பேசலாம். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்கிறது. கண்டவரே வந்து கண்டதைச் சொல்ல வேண்டும். கண்டவர் சொன்னதாக இன்னொருவர் வந்து சொன்னால் அது செவிவழிச் செய்தி. பொதுவாக நீதிமன்றம் அதை ஏற்காது. இந்நாட்டு இந்தியர்களைப் பற்றி நூலகங்களிலும் பாடநூல்களிலும் அரசாங்கக் கோப்புகளிலும் இருப்பவற்றில் எவ்வளவு நேரடிச் சாட்சியம், எவ்வளவு செவிவழிச் செய்தி? இன்று நான் பேச விரும்புவது இதைத்தான்.

ஐம்பது ஆண்டு தாமதம்

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்வோம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டது. போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர் வரை அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் மிரட்டியும் கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

இந்த ரயிலைப் பற்றி உலகம் அறிந்தது எப்படி? பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-இல் ஒரு நாவல் எழுதினார். 1957-இல் அது 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' என்ற படமாக வந்து உலகமெங்கும் ஓடியது. அந்த பியர் பூல் யார் தெரியுமா? போருக்கு முன்பு மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பொறியாளராக இருந்தவர். அதாவது, நம் தாத்தா பாட்டிகள் பால் மரம் வெட்டிய அதே உலகத்தில் வாழ்ந்தவர். அவர் கதையில் நாயகர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். தோட்டத்துத் தமிழனுக்கு அங்கே கதை கிடையாது. அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் தம் மனிதர்களைப் பற்றி எழுதினார். நம் மனிதர்களைப் பற்றி நாம் எழுதியிருக்க வேண்டும்.

எழுதினோம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993-இல் வந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005-இல் வந்தது. பாதை போட்டு முடிந்து ஐம்பது ஆண்டும் அறுபத்திரண்டு ஆண்டும் கழித்து. இந்த இரண்டு நாவலாசிரியர்களுக்கும் நம் சமுதாயம் பட்ட கடன் பெரிது. ஆனால் அந்த ஐம்பது ஆண்டுகளில் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் எதையும் எழுதாமல், யாரும் கேட்காமல் கண்ணை மூடினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சாட்சிகள் இறந்த பிறகு நடக்கும் விசாரணை எப்படி இருக்கும் என்று ஒரு வழக்கறிஞனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிள்ளானில் எழுதப்பட்ட ஒரு பட்டியல்

தோட்டத் தொழிலாளர்களுக்குத் தம் கதையைச் சொல்லத் தெரியாது, படிப்பறிவு இல்லை, அதனால்தான் எழுதவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1941-இல் இங்கிருந்து அதிகத் தூரமில்லாத கிள்ளான் வட்டாரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

அந்த ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர். அவர் தொழிலால் யார்? தமிழ் நேசன் நாளிதழின் துணையாசிரியர். உங்களைப் போல எழுதிப் பிழைத்தவர்.

தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியல் வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும். கொடுமை செய்யும் தோட்ட ஊழியர்களை மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக விட வேண்டும். பேச, கூட, சங்கம் அமைக்க உரிமை வேண்டும். தோட்ட அதிகாரிகள் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும்.

இதை வெறும் தொழிற்சங்க ஆவணமாக மட்டும் படிக்காதீர்கள். அந்தச் சைக்கிள் வரியில் ஒரு சிறுகதை முழுதாக இருக்கிறது. சம்பாதித்த காசில் வாங்கிய சைக்கிளை ஒரு மனிதன் செம்மண் சாலையில் மிதித்துக்கொண்டு போகிறான். எதிரே துரை வருகிறார். இறங்க வேண்டும். தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் கடந்த பிறகு ஏற வேண்டும். எந்தக் காலனி அதிகாரியின் அறிக்கையும் இதை ஒரு துன்பமாகக் கண்டு எழுதியிருக்காது. இறங்கி நின்றவனுக்குத்தான் அது தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கள்ளுக்கடையை மூடு என்ற கோரிக்கை. அவர்கள் தங்கள் பலவீனத்தை மறைக்கவில்லை. நம் ஆண்கள் குடித்து அழிகிறார்கள், அதற்கு வசதி செய்து கொடுத்து லாபம் பார்ப்பவன் நீ என்று ஒரே வரியில் இரண்டையும் சொன்னார்கள். தன் கதையைத் தானே சொல்கிறவனுக்குத்தான் இந்த நேர்மை கைகூடும்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போராட்டம் வெடித்தது. இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். இன்று அந்தப் போராட்டத்தை எழுதும் ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது அன்றைய காலனி அரசின் கோப்புகளை. சுட்ட தரப்பின் கோப்பு பத்திரமாக இருக்கிறது. சுடப்பட்ட தரப்பின் நாட்குறிப்பு எங்கே?

எதிர்ப்பு பாதி வேலை

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2011-இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு 'இண்டர்லோக்' நாவல் பாடநூலானது. தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் எழுதியது, 1971-இல் முதலில் வெளிவந்தது. ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஓர் இந்தியக் குடும்பம் என மூன்றின் கதை. இந்தியர்களின் வருகையைச் சொல்லும் பகுதியில் வந்த சாதி இழிசொல்லும் சித்திரிப்பும் பெற்றோரைக் கொதிக்க வைத்தன. அரசு திருத்தம் செய்யப் பார்த்தது. எதிர்ப்பு ஓயவில்லை. அந்த ஆண்டு இறுதியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் இன்று எழுத்தாளர்களான உங்கள் முன்னால் இரண்டு கேள்விகளை வைக்க வேண்டும்.

முதல் கேள்வி. அந்த இடத்தில் வைக்க நம்மிடம் என்ன இருந்தது? மலாய் மாணவனும் சீன மாணவனும் படிக்கக்கூடிய மொழியில், நம் குடும்பக் கதையை நாமே சொன்ன ஒரு நாவலை எடுத்து நீட்டி, அதற்குப் பதில் இதை வையுங்கள் என்று நாம் கேட்டோமா? கே. எஸ். மணியம் 1981-இலேயே 'த ரிட்டர்ன்' நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். உதயசங்கர் எஸ்.பி. போன்றோர் மலாயில் எழுதுகிறார்கள். தமிழில் ஒரு நூலகமே இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அதில் ஒரு பக்கத்தையும் படித்ததில்லை.

இரண்டாம் கேள்வி கசப்பானது. அடுத்தவர் எழுதிய சாதிச் சொல்லுக்குக் கொதித்த நாம், தோட்டத்து லயத்தில் இருந்த சாதியை, இன்றும் திருமணப் பேச்சிலும் சில சங்கங்களிலும் இருக்கும் சாதியை எத்தனை முறை எழுதினோம்? குண்டர் கும்பலுக்குப் போன பிள்ளைகளின் கதையை, அடி வாங்கிய பெண்களின் கதையை எத்தனை முறை எழுதினோம்? நாம் எழுதாமல் விட்ட பக்கத்தை வேறொருவர் எழுதினார். கிள்ளான் தொழிலாளர்கள் கள்ளுக்கடையைத் தங்கள் பட்டியலில் சேர்த்ததை மறந்துவிடாதீர்கள். புகழ்மாலைகள் நம்மிடம் போதுமான அளவு உள்ளன.

எழுதினால் என்ன ஆகும்?

பயம் இருக்கிறது. அது வெறும் கற்பனை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

2001 மார்ச் மாதம், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானில் நடந்த வன்முறையில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். பலர் வெட்டுக்காயம் அடைந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அரச விசாரணை ஆணையம் அமைக்கப்படவில்லை. வழக்கறிஞர் கா. ஆறுமுகம் அந்தச் சம்பவத்தைப் பற்றி 'மார்ச் 8' என்ற நூலைத் தமிழில் எழுதினார். 2006-இல் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு அதைத் தடை செய்தது. அவர் நீதிமன்றம் சென்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயும் தடை நீங்கவில்லை.

எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. கேலிச்சித்திரக்காரர் ஜுனாரின் அலுவலகம் இதே பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தது. 2010-இல் அங்கே போலீசார் சோதனை நடத்தினார்கள். அவருடைய நூல்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2015-இல் அவர்மீது ஒன்பது தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2018-இல் அவை மீட்டுக்கொள்ளப்பட்டன. அவர் வரைவதை நிறுத்தவே இல்லை.

அஞ்சுவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி நாளிதழுக்கும் பருவ இதழுக்கும் உரிமம் வேண்டும். புத்தகம் வெளியிட முன்னனுமதி தேவையில்லை. வெளிவந்த பிறகு தடை செய்யும் அதிகாரம் 7ஆவது பிரிவின்கீழ் அமைச்சருக்கு உண்டு. தேச நிந்தனைச் சட்டம், அவதூறுச் சட்டம் இரண்டும் தனி. அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறது, அதே பிரிவு நாடாளுமன்றம் அதற்கு வரம்பு கட்டவும் இடம் தருகிறது. 152ஆவது பிரிவு மலாய்மொழியைத் தேசிய மொழியாக்கும்போதே, அதிகாரப்பூர்வத் தேவைக்கு அல்லாமல் பிற மொழிகளைப் பயன்படுத்துவதையும், அவற்றைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கலாகாது என்கிறது. தமிழில் எழுதுவது யாரும் போட்ட பிச்சையன்று.

உங்கள் எழுத்து யாருக்குச் சொந்தம்?

இங்கே வந்திருக்கும் பலருக்கு நாளைக்கே பயன்படும் செய்தி இது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வெறும் கருத்துக்குப் பாதுகாப்புத் தருவதில்லை. எழுதப்பட்ட, பதிவு செய்யப்பட்ட படைப்புக்குத்தான் தருகிறது. உங்கள் பாட்டியின் கதையை நீங்கள் காப்பிக்கடையில் நண்பரிடம் சொல்கிறீர்கள். அவர் அதைத் தம் சொற்களில் திரைக்கதையாக எழுதிவிடுகிறார். பிறகு என்னிடம் வந்தால் நான் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எழுதி, தேதி போட்டு வைத்திருந்தால் பேச இடமுண்டு.

அதே சட்டத்தின் 26ஆவது பிரிவைப் படியுங்கள். கூலி கொடுத்து எழுதச் சொன்ன படைப்பும், வேலையில் இருக்கும்போது அந்த வேலைக்காக எழுதிய படைப்பும், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதச் சொன்னவருக்கோ முதலாளிக்கோ மாறியதாகவே கருதப்படும். தொலைக்காட்சி நாடகத்துக்குள் உங்கள் அம்மாவின் வாழ்க்கையை வைத்து எழுதியிருப்பீர்கள். அந்தக் கதையை நாளை நாவலாக்க அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை வரலாம். ஆகவே கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். நாவல் உரிமை, நூல் உரிமை என்னிடமே இருக்கும் என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. உங்கள் பெயரைப் போடாமல் வெளியிடுவதையும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும் வகையில் படைப்பைச் சிதைப்பதையும் எதிர்க்க 25ஆவது பிரிவு வழி தருகிறது.

பட்டியலில் நம் இடம்

தேசிய இலக்கியவாதி விருது 1981 முதல் வழங்கப்படுகிறது. மலாய்மொழிப் படைப்புக்கே அது உரியது. தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவது 'சமூகப் பிரிவின் இலக்கியம்' என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. இந்த நாட்டு மண்ணைப் பற்றி, இந்த நாட்டுக் குடிமகன் எழுதிய நாவல் எப்படித் தேசத்துக்கு வெளியே போகும்? இந்தக் கேள்வியை நாம் தொடர்ந்து கேட்க வேண்டும். வெறுங்கையோடு கேட்டால் எடுபடாது.

'ஜகாட்' படத்தை நினைத்துப் பாருங்கள். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 இறுதியில் வெளிவந்தது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த குடும்பம், தொண்ணூறுகளின் தொடக்கம், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன். குண்டர் கும்பலையும் மறைக்காத படம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழி அல்லாத படங்களுக்கென்று இருந்த தனிப் பிரிவில் அது வைக்கப்பட்டது. அதை எதிர்த்து முதலில் எழுந்த குரல்களில் மலாய்க் கலைஞர்களும் இருந்தார்கள். விருது விதிகள் மாற்றப்பட்டன. சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை 'ஜகாட்' பெற்றது. எதிர்ப்பு மட்டும் இருந்து படம் இல்லாமல் போயிருந்தால் இது நடந்திருக்காது.

இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை இதைத்தான் செய்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சங்கவாதியாகி, 1947-இல் நாடாளுமன்றம் சென்றவர். 1948-இல் சட்டம் அவருடைய மக்களின் குடியுரிமையைப் பறித்தது. அவர் போராடினார், கூடவே எழுதினார். ஆங்கிலத்தில் கவிதை எழுதினார், தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டினார். பதவி போனது. அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன.

என்ன செய்யலாம்?

என் தொழிலில் ஒரு வரம்பு உண்டு. தோட்ட வெளியேற்ற வழக்கு ஒன்றில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டிய ஒரு பாட்டி என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். விடியற்காலைப் பெரட்டு, ஆயக்கொட்டகையில் விட்டுவந்த பிள்ளை, மழை பெய்து மங்கில் பால் வீணான நாட்கள், வீட்டுக்குப் பின்னால் நட்ட முருங்கை. பிரமாணப் பத்திரத்தில் இடம்பெற்றது வீட்டு எண், வேலையில் சேர்ந்த ஆண்டு, நோட்டீஸ் வந்த தேதி. சட்டத்துக்கு அவ்வளவுதான் தேவை. நஷ்டஈடு வாங்கித் தரலாம். அந்த முருங்கை மரத்தை எந்தத் தீர்ப்பிலும் ஏற்ற முடியாது. அது உங்கள் வேலை.

ஆகவே மூன்று வேண்டுகோள். முதலாவது, இந்த மாதமே உங்கள் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, ஆண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எழுதியதை நூலாக்கினால் தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எண் பெற்று, சட்டப்படி கொடுக்க வேண்டிய பிரதிகளைக் கொடுத்துவிடுங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அதன் ஞாயிறு பதிப்பில் எழுதிக் கையெழுத்துப் பிரதியும் வைத்துக்கொள்ளாதவர்கள் எத்தனையோ பேர். மூன்றாவது, இங்கே மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு சிறுகதையாவது தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டு போங்கள். லாட் 1979-இல் 'கம்போங் பாய்' வரைந்தார். ஒரு மலாய்க் கிராமத்துச் சிறுவனின் கதையை நாம் எல்லோரும் நம் வீட்டுக் கதைபோலப் படித்தோம். தோட்டத்துச் சிறுவனின் கதையையும் அவர்கள் அப்படிப் படிக்க வேண்டும் என்றால், முதலில் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் சாலைகளில் நின்றவர்கள் பல்லாயிரம் பேர். கண்ணீர்ப் புகையையும் தண்ணீர்ப் பீரங்கியையும் பற்றிச் செய்தியாளர்கள் எழுதினார்கள், அதிகாரிகள் எழுதினார்கள், பேராசிரியர்கள் எழுதினார்கள். அன்று விடியுமுன் கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் கிளம்பிய ஒரு லாரி ஓட்டுநர், ஒரு தொழிற்சாலைப் பெண், ஏன் கிளம்பினார் என்று அவரே எழுதிய பக்கங்கள் எத்தனை? அவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சயாம் ரயிலுக்கு ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்டோம். இதற்கும் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

 கேள்விகள் இருந்தால் இப்போது பேசலாம். ஒப்பந்தப் பத்திரம் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.